படத்துக்கு மாலை வேண்டாம்: மலைக் கல்லூரியில் பெண் விஞ்ஞானிகள் வட்டம் தொடங்குவோருக்கு

நீலகிரியில் ஒரு மகளிர் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், பெண் விஞ்ஞானிகளைப் பற்றி ஒரு விழா எடுத்தேன். இருபது சார்ட், இருபது படம், சிறப்பு விருந்தினர், சால்வை, குத்துவிளக்கு எல்லாம் இருந்தன. அறிவியல் கோலப் போட்டியும் நடந்தது. இரண்டு மணி நேரம் கழித்து, "யாருக்காவது சந்தேகம் உண்டா?" என்று கேட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரே ஒரு கை எழுந்தது. "மிஸ், கோத்தகிரி பஸ் நாலு மணிக்கு. போகலாமா?"

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. சுவரில் தொங்கும் படம் அவளிடம் எதையும் கேட்கவில்லை, அவளும் அதனிடம் எதையும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு படங்களைப் பரணில் போட்டுவிட்டு, அந்த விஞ்ஞானிகள் செய்த வேலையில் ஒரு துண்டை மாணவிகளின் கையில் கொடுத்துப் பார்த்தேன். அதிலிருந்து கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் ஆசிரியைகளுக்கும், மூன்றாம் ஆண்டில் தாங்களே ஒரு மன்றம் நடத்த நினைக்கும் மாணவிகளுக்கும் இது பயன்படலாம்.

முதலில் நேரமும் ஆளும்

மலையில் எதைத் தொடங்கினாலும் பஸ் நேரத்திலிருந்து தொடங்குங்கள். மாலை மூன்றரைக்கு மேல் கூட்டம் போட்டால் விடுதி மாணவிகள் மட்டும்தான் இருப்பார்கள். தூரத்து எஸ்டேட்டிலிருந்து வருகிறவளுக்கு கடைசி பஸ்ஸை விட்டால் மூடுபனியில் நடைதான். மதியச் சாப்பாட்டு இடைவேளையோடு ஒரு பீரியடைச் சேர்த்துக் கேளுங்கள். வாரம் ஒரு நாள், எழுபது நிமிடம், ஆறு வாரம் என்றால் முதல்வர் பெரும்பாலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை விடுமுறை வரும் என்பதால் ஆறு வாரத்துக்கு எட்டு வாரம் ஒதுக்குங்கள்.

பதினைந்து பேர் போதும், இருபதைத் தாண்டவே கூடாது. "எல்லாரும் வரணும்" என்று துறைத்தலைவர் சொல்வார். சரி என்று சொல்லிவிட்டு, பெயர் கொடுத்தவர்களில் முதல் இருபது பேரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ரேங்க்காரிகளை மட்டும் பொறுக்காதீர்கள். என் வட்டத்தில் மிகச் சுத்தமாக ஸ்லைடு தயாரித்தவள் இரண்டு அரியர் வைத்திருந்தவள்.

பேச்சு தமிழிலேயே இருக்கட்டும். கலைச்சொல் ஆங்கிலத்தில் வந்தால் வரட்டும். படுகு மொழி பேசும் பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்று தங்களுக்குள் படுகில் பேசிக்கொண்டு வேலை செய்தால் தடுக்காதீர்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

மேரி கியூரியை விட்டுவிடுங்கள். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து கேட்டுக் கேட்டு அவர் பாடப்புத்தகத்துப் படமாகவே ஆகிவிட்டார். நான் இரண்டே கேள்விகளை வைத்துத் தேர்வு செய்கிறேன். அவருடைய வேலையில் ஒரு பகுதியையாவது நம் லேபில் செய்து பார்க்க முடியுமா? அவருக்கும் இந்த மலைக்கும், அல்லது மலையின் மண்ணுக்கும் மழைக்கும், ஏதாவது உறவு உண்டா? இந்த இரண்டிலும் தேறியவர்கள் மூன்று பேர்: உயிர்வேதியியலாளர் கமலா சொஹோனி, வானிலை ஆய்வாளர் அன்னா மணி, தாவரவியலாளர் ஜானகி அம்மாள். இரண்டாவதில் மட்டும் தேறினாலும் விட மனம் வராத நான்காமவர் இயற்பியலாளர் பிபா சௌத்ரி. பழனி மலைப் பக்கம் இருப்பவர்கள் மேரி எவர்ஷெட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் கணவர் ஜான் எவர்ஷெட்டோடு சேர்ந்து சூரியனின் தீப்பிழம்புகளை ஆராய்ந்தவர் அவர். அதற்கும் முன்பே, 1896-இல், தெற்கு வானத்து நட்சத்திரங்களை அடையாளம் காண எளிய கையேடு ஒன்றை எழுதியிருந்தார்.

கமலாவும் உருளைக்கிழங்கும்

தொடங்குவதற்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் நீலகிரியில் இல்லை. குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இருக்கும் பாஸ்டர் நிலையத்தை மாணவிகள் தினமும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள். 1918-இல் அங்கே ஒரே ஒரு அறையில் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன், வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். குன்னூரில் இருந்த காலத்தில் அந்த ஆய்வுக்கூடத்தின் உதவி இயக்குநராக இருந்து வைட்டமின்களை ஆராய்ந்தவர் கமலா. இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். "நம்ம குன்னூரா மிஸ்?"

பிறகு கதையைச் சொல்லுங்கள். 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்று பி.எஸ்சி. முடித்த பெண், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சேர விண்ணப்பிக்கிறார். இயக்குநராக இருந்த சி.வி. ராமன், பெண் என்பதால் இடம் தர மறுக்கிறார். கமலா நேரே போய் நின்று காரணம் கேட்கிறார், நகர மறுக்கிறார். கடைசியில் நிபந்தனைகளோடு இடம் கிடைக்கிறது. முதல் ஆண்டு முழு மாணவியாகக் கணக்கில் வராது, வேலை திருப்தியாக இருந்தால்தான் அங்கீகாரம். அந்த ஆண்டு முடிந்ததும் ராமனே மனம் மாறினார், கழகத்தின் கதவு மற்றப் பெண்களுக்கும் திறந்தது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளில் கல்லூரி மேடையில் ராமன் படம் இருக்கும். அதற்குப் பதினேழு நாள் முன்பு, பிப்ரவரி 11, அறிவியலில் பெண்களுக்கான சர்வதேச நாள். இரண்டையும் ஒரே மாதத்தில் கொண்டாடும்போது இந்தக் கதையை மூடி மறைக்காதீர்கள், ராமனை வில்லனாக்கவும் வேண்டாம். அன்னா மணியைத் தம் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொண்டதும் இதே ராமன்தான். பெரிய மனிதரிடமும் குருட்டுப் புள்ளி இருக்கும் என்று பதினெட்டு வயதுப் பெண்ணுக்குச் சொன்னால் அவளுக்குப் புரியும். வீட்டில் அவள் பார்க்காததா!

கேம்பிரிட்ஜ் போன கமலா, உருளைக்கிழங்கில் வேலை செய்து, செல் சுவாசத்தில் எலெக்ட்ரானைக் கைமாற்றும் சைட்டோகுரோம் சி தாவரத் திசுவிலும் இருப்பதைக் காட்டினார். பதினான்கே மாதத்தில் முடித்த ஆய்வேடு வெறும் 40 பக்கம். 1939-இல் முனைவர் பட்டம். அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று அவரைச் சொல்வார்கள். ஊட்டி உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லும் சுகமே தனி.

சைட்டோகுரோம் சி-யைப் பிரித்தெடுக்க நம் லேபில் வசதி கிடையாது. அதை நேர்மையாகச் சொல்லிவிட்டு, கிழங்கின் நொதிகள் வேலை செய்வதைக் கண்ணால் காட்டுங்கள். ஒரே கிழங்கிலிருந்து மூன்று துண்டு. ஒன்றை அப்படியே வையுங்கள், ஒன்றைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள், மூன்றாவதில் எலுமிச்சைச் சாற்றைத் தடவுங்கள். அரை மணியில் முதல் துண்டு பழுப்பேறும், மற்ற இரண்டும் வெளுப்பாகவே இருக்கும். காரணம் ஒரு நொதி. அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனைக் கொண்டு கிழங்கின் பீனால் சேர்மங்களை மாற்றுகிறது. வெந்நீரில் அது செத்துவிடும், புளிப்பில் முடங்கிவிடும். இப்போது கேளுங்கள்: தேயிலை ஃபேக்டரியில் இலையை உருட்டி நசுக்கிப் பரப்பி வைப்பது ஏன்? பச்சைத் தேயிலைக்கு முதலிலேயே ஆவி காட்டுவது ஏன்? அப்பா ஃபேக்டரியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தியாவது வகுப்பில் இருப்பாள். மீதிப் பாடத்தை அவள் நடத்துவாள், நீங்கள் உட்கார்ந்து கேட்கலாம்.

அடுத்த வாரம் வைட்டமின் சி. மருந்துக் கடையில் 500 மி.கி. மாத்திரை ஒன்று வாங்கி அரை லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். ஒரு மி.லி.க்கு ஒரு மி.கி. என்று கணக்கு சுலபம். அதில் 10 மி.லி. எடுத்து, கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் விட்டு, அயோடின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கலக்கிய பிறகும் நீலக்கறுப்பு மறையாமல் நின்றால் நிறுத்துங்கள். இருபது சொட்டு பிடித்தால் ஒரு சொட்டுக்கு அரை மி.கி. அதே சொட்டுக் குப்பியால் நெல்லிக்காய், எலுமிச்சை, மார்க்கெட்டில் கிடைக்கும் மரத்தக்காளி என்று ஒவ்வொன்றின் சாற்றையும் 10 மி.லி. அளவில் சோதியுங்கள். மரத்தக்காளிச் சாறு சிவப்பாக இருந்தால் நிறம் மாறுவது தெரியாது, நான்கு மடங்கு தண்ணீர் கலந்து, பிறகு கணக்கில் ஐந்தால் பெருக்க மறக்காதீர்கள். அதாவது ஒரு பங்கு சாறு, நான்கு பங்கு தண்ணீர், ஆக ஐந்து. இங்கே எல்லா ஆண்டும் யாராவது தவறுவார்கள், முதல் ஆண்டு தவறியது நான்தான். கொதிக்க வைத்த சாற்றையும் சோதித்துப் பாருங்கள்.

அன்னா மணியின் மழைமானி

வட்டத்தின் உயிரே இதுதான். மற்றவை ஒரு மதியத்தில் முடிந்துவிடும், இது வீட்டுக்குப் போகும்.

அன்னா மணி 1918-இல் பீர்மேட்டில், நம்மைப் போலவே ஒரு மலைநாட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் வைரத் தோடு வாங்கித் தரப் போக, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டவர். பிறகு ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரங்களையே ஆராய்ச்சி செய்தார் என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் படித்தவர். ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது, எம்.எஸ்சி. இல்லை என்ற காரணத்தைக் காட்டி முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. பட்டம் இல்லாமலேயே 1945-இல் அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து போனார். இயற்பியல் படிக்கத்தான் ஆசை, கிடைத்ததோ வானிலைக் கருவிகளில் பயிற்சி. 1948-இல் திரும்பி வந்து புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்து, ஏறக்குறைய நூறு கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, அவற்றை நாட்டிலேயே தயாரிக்க வழி செய்தார். தவறாக அளப்பதைவிட அளக்காமலே இருக்கலாம் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதத்தைத்தான் பிள்ளைகளுக்குக் கடத்த வேண்டும்.

இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்து, புனலாக வைத்தால் மழைமானி தயார். வெட்டிய வாயின் விட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து பரப்பைக் கணக்கிடச் சொல்லுங்கள். விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ., ஒரு மி.மீ. மழைக்கு 7.85 மி.லி. தண்ணீர் சேரும். காலையில் 157 மி.லி. இருந்தால் 20 மி.மீ. மழை. மருந்துப் பாட்டிலோடு வரும் அளவு மூடி வேண்டாம், லேபிலிருந்து அளவு ஜாடி கொடுத்து அனுப்புங்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு.

வைக்கும் இடம் முக்கியம். கூரையோ மரமோ பக்கத்தில் இருந்தால், அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். சுற்றிலும் கல் அடுக்கி அசையாமல் நிறுத்துங்கள். குரங்கு தூக்கிக்கொண்டு போகும், காட்டெருமை மிதிக்கும், தம்பி தண்ணீர் ஊற்றி வைப்பான். இவை எல்லாமே எனக்கு நடந்தவை. தம்பி ஊற்றிய தண்ணீரைக் கண்டுபிடித்தது எப்படி என்பது தனிக் கதை. பக்கத்து லைன் வீட்டில் இருந்த தோழியின் அளவோடு ஒப்பிட்டு அந்த மாணவியே கண்டுபிடித்தாள். அன்று அவள் அக்காவாக இல்லை, வானிலை அதிகாரியாக இருந்தாள்.

தினமும் காலை எட்டரைக்கு அளக்க வேண்டும், அதுதான் வானிலைத் துறை பின்பற்றும் நேரம். பஸ் எட்டு மணிக்கு என்றால் அம்மாவோ பாட்டியோ அளக்கட்டும், அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் இவள் வேலை. மழை இல்லாத நாளிலும் '0' என்று எழுத வேண்டும். வெற்றுக் கட்டம் என்றால் அளக்கவில்லை என்று பொருள், பூஜ்யம் என்றால் மழை இல்லை என்று பொருள். மூன்று மாதம் கழித்து அட்டவணையைப் பார்க்கும்போது இதன் அருமை தெரியும்.

கூடலூர், தேவாலா, குந்தா, ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து எண்கள் வரும்போது மாவட்டத்தின் முகமே மாறித் தெரியும். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர்ப் பெண்ணின் கட்டங்கள் பெரிய எண்களால் நிரம்பியிருக்க, கோத்தகிரிக்காரி பூஜ்யம் பூஜ்யமாக எழுதிக்கொண்டிருப்பாள். ஐப்பசியில் கதை தலைகீழாகும். ஒரு நாளில் 64.5 மி.மீ. தாண்டினால் வானிலைத் துறை அதைக் கனமழை என்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மி.மீ.க்கு மேல் பெய்தது. நம் பாட்டில் புனலின் கீழே அன்று ஏழு லிட்டர் சேர்ந்திருக்கும். இந்தக் கணக்கை நீங்கள் சொல்ல வேண்டாம், அவர்களையே போடச் சொல்லுங்கள். போட்டு முடித்ததும் அறையில் ஒரு மௌனம் வரும்.

பூண்டு வேரில் ஜானகி அம்மாள்

1897-இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போய், 1931-இல் முனைவர் பட்டம் பெற்றார். நம் மலையடிவாரத்தில், கோயம்புத்தூர் கரும்பு ஆய்வு நிலையத்தில், 1930-களில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டும் கரும்பை வேறு புல் இனங்களோடு கலப்பினம் செய்துகொண்டும் இருந்தவர். 1945-இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பை வெளியிட்டார்.

கரும்பின் குரோமோசோம்கள் ஏராளம், புதிதாக வருகிறவர்களால் எண்ண முடியாது. மலைப் பூண்டை எடுங்கள், பதினாறுதான். பல்லை ஈரப் பஞ்சின் மேல் வைத்து வேர் விட வையுங்கள். சமவெளிக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இரண்டு நாள் என்றிருக்கும். ஊட்டி ஜனவரிக் குளிரில் அதை நம்பாதீர்கள், நான்கைந்து நாள் ஆகும். ஃபிரிட்ஜின் மேலோ அடுப்பங்கரையிலோ வைத்தால் சீக்கிரம் வரும். காலையில் வேர் நுனியை வெட்டி, மூன்று பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலத்தில் ஒரு நாள் வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சிறிது நேரம் வெதுவெதுப்பாகச் சூடாக்கி, அசிட்டோகார்மைன் சாயமேற்றி, கவர்கிளாஸை வடிதாளின் மேல் கட்டை விரலால் ஒரே அழுத்தாக அழுத்துங்கள். விரல் வழுக்கினால் ஸ்லைடு போச்சு. செல் பிரிவை நிறுத்திவைக்கச் சிலர் பயன்படுத்தும் கால்கிசினைத் தொடவே தொடாதீர்கள், அது விஷம். ஒரு மதியம் முழுக்க எதுவும் தெரியாமல் போகலாம். போகட்டும். ஜானகி அம்மாளுக்கும் எத்தனை மதியங்கள் அப்படிப் போயிருக்கும்!

பிபா சௌத்ரியும் ஒரு நாள் வெளியூர்ப் பயணமும்

இதற்குப் பரிசோதனை இல்லை, பயணம் மட்டும்தான். பிபா சௌத்ரி, இயற்பியலாளர் டி.எம். போஸுடன் சேர்ந்து டார்ஜிலிங்கிலும் சந்தக்பூவிலும் மலை உச்சியில் புகைப்படத் தகடுகளை வைத்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள்களின் தடங்களைத் தேடினார். போர்க்காலத்தில் உயர்ந்த ரகத் தகடு கிடைக்காமல் வேலை நின்றது. அதே முறையை நல்ல தகடுகளோடு வளர்த்தெடுத்த பிரிட்டிஷ் இயற்பியலாளர் பவல் 1950-இல் நோபல் பரிசு பெற்றார். துகளைத் தேடி ஏன் மலைக்குப் போக வேண்டும் என்று கேளுங்கள். மேலே போகப் போகக் குறுக்கே நிற்கும் காற்று குறைவு. ஊட்டியில் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருப்பதற்கும் காரணம் அதுதான். அங்கோ, 530 மீட்டர் நீளமுள்ள முத்தோரை ரேடியோ தொலைநோக்கிக்கோ அழைத்துப் போக, முதல்வரின் கடிதத்தோடு ஒரு மாதம் முன்பே அனுமதி கேளுங்கள். திரும்பும்போது போட்டோ எடுப்பதற்கு அரை மணி ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டாலும் எடுத்துக்கொள்வார்கள்.

கடைசி வாரம்: ஒரு விண்ணப்பம்

நான்கு கதைகளையும் மறுபடி பாருங்கள். ஒவ்வொருவர் வாழ்க்கையிலும் ஒரு காகிதம் வருகிறது. விண்ணப்பமோ, உதவித்தொகைக் கடிதமோ, சேர்க்கைப் படிவமோ. நம் பிள்ளைகளில் பலர் வீட்டில் அப்படி ஒன்றை நிரப்பும் முதல் ஆள் அவளேதான். அதனால் கடைசி வாரத்தில் பேச்சே வேண்டாம், ஆளுக்கொரு விண்ணப்பம் எழுத வையுங்கள்.

மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு இளநிலை மாணவிகளும் போடலாம். எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வு உண்டு. தேதிகளை அந்தந்த இணையதளத்தில் பார்த்து, லேப் கதவில் பெரிதாக ஒட்டிவிடுங்கள். 'ஏன் இந்த ஆய்வில் ஆர்வம்?' என்ற கட்டத்தில் எல்லாரும் முதலில் 'சிறு வயது முதலே அறிவியல் மீது ஆர்வம்' என்று எழுதுவார்கள். அடித்துவிட்டு, 'மூன்று மாதம் என் ஊரின் மழையை அளந்தேன்' என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு அட்டவணையை இணைக்கச் சொல்லுங்கள்.

வங்கிக் கணக்கு, ஆதாரில் உள்ள பெயர் எழுத்து, சான்றிதழில் உள்ள இன்ஷியல் மூன்றும் ஒத்துப்போகிறதா என்று அன்றே சரிபாருங்கள். நான் பார்த்தவரையில் ஆங்கிலம் தெரியாமல் விண்ணப்பத்தைத் தவறவிட்டவர்களைவிட, இன்ஷியல் ஒத்துப்போகாமல் தவறவிட்டவர்கள்தான் அதிகம். வீட்டில் அனுமதி கேட்க வேண்டிய பெண்ணுக்கு, அம்மாவிடம் பேச நீங்களே போன் போடுங்கள். இலை பறித்துவிட்டு வந்து கை கழுவி உட்காரும் நேரம் பார்த்து, மாலை ஆறு மணிக்கு மேல்.